விருந்தாளியின் துப்பாக்கிகள்

ஆரணி
3-7-2025

ஆரணி உட்கோட்டத் துணைக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய அம்மா,

இந்த மாதம் பதினைந்தாம் தேதி ஒரு வெளிநாட்டு அதிபரும் அவர் மனைவியும் பட்டு நெய்வதைப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று கைத்தறித் துறையிலிருந்து வந்து சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கூடம் அகலம், தெருமுனையில் கார் திரும்ப இடம் இருக்கிறது என்று அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். என் கணவர் கமலக்கண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம். சேலை வியாபாரம் செய்கிறவருக்கு இருக்கத்தானே செய்யும்.

செவ்வாய்க்கிழமை உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் வந்து வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டு போனார். நேற்று மறுபடி வந்தார். "உங்க தம்பி சதீஷ் மேல ஒரு கேஸ் இருக்குதும்மா. அன்னிக்கி அவர் தெருவுலயே இருக்கக் கூடாது. முந்தின நாளே கலசப்பாக்கம், போளூர்னு எங்கனா சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்றார்.

அம்மா, அவர்கள் பார்க்க வருவதே சதீஷ் உட்காரும் தறியைத்தான். அதில் ஓடிக்கொண்டிருக்கும் சேலை பாதிவரை அவன் கையால் நெய்தது. நடுவில் வேறு ஆளை உட்கார வைத்தால் நூலை அடித்து இறுக்கும் அழுத்தம் மாறும், சேலை வீணாகும். அதைவிட, தான் நெய்ததை ஊர் உலகமே வந்து பார்க்கும்போது அவன் மட்டும் கலசப்பாக்கத்தில் ஒளிந்துகொண்டிருக்க வேண்டுமா?

அந்த வழக்கைப் போட்ட அதிகாரி யார் என்பது தங்களுக்குத் தெரியும். அதனால்தான் தங்களுக்கே எழுதுகிறேன். போனில் பேச எனக்கு விருப்பமில்லை. ஸ்டேஷனுக்கும் வர மாட்டேன். பதிலை எழுத்தில் தரவும். எங்கள் பின்தெருவில் இருக்கும் உங்கள் கான்ஸ்டபிள் கண்ணகி கையில் இதைக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
க. தேவகி


ஆரணி
4-7-2025

தேவகிக்கு,

"மதிப்பிற்குரிய அம்மா" என்று பார்த்ததும் வேறு யாரோ எழுதிய மனு என்று நினைத்து, கடைசியில் கையெழுத்தைப் பார்த்தேன். ஆறு வருஷம் கழித்து எழுதியிருக்கிறாய். மனுவாகவாவது எழுதினாயே.

போனில் பேசாமல் இருப்பது எனக்கும் நல்லதுதான். இந்த இரண்டு வாரம் நான் போனில் பேசுவதை யார் யார் கேட்பார்கள் என்று எனக்கே தெரியாது. எழுதியதைப் படித்ததும் கிழித்துவிடு என்று சொல்லப் போவதில்லை. சொன்னாலும் நீ கிழிக்க மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நிலுவையில் வழக்கு உள்ள யாரும் அந்தத் தெருவில் இருக்கக் கூடாது என்பது மேலிருந்து வந்த உத்தரவு. சதீஷுக்காகப் போட்டது இல்லை. பஸ் ஸ்டாண்டு அருகே அவன் குடித்துவிட்டு ஓட்டிய பைக் மோதிக் கால் முறிந்த பூக்காரப் பெண் இன்னும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறாள். அந்த வழக்கை இன்று கொடுத்தாலும் பதிவு செய்வேன். அதனால் அவனுடைய துபாய் வேலை போனது எனக்குத் தெரியும். இதை ஆறு வருஷத்துக்கு முன்பே உன்னிடம் சொன்னேன். அதோடுதான் நீ பேச்சை நிறுத்தினாய்.

ஆனால் அது விபத்து வழக்கு. அடிதடி இல்லை, ஆயுதம் இல்லை. "இவரால் ஆபத்தில்லை, என் பொறுப்பில் அனுமதிக்கிறேன்" என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட முடியும். எழுதும் முன் அவனை நேரில் பார்த்துப் பேச வேண்டும். திங்கட்கிழமை காலை அனுப்பு.

தமிழ்ச்செல்வி


ஆரணி
8-7-2025

தமிழ்ச்செல்விக்கு,

சதீஷ் வந்தான், போனான். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தறியில் உட்கார்ந்துவிட்டான். "இன்னாடா கேட்டாங்க?" என்றேன். "குடிக்கிறியான்னு கேட்டாங்க. வுட்டு நாலு வருஷம் ஆச்சுன்னேன். சரி போன்னுட்டாங்க" என்றான். அவ்வளவுதானா என்று கேட்டால், "டீ வாங்கிக் குடுத்தாங்கக்கா" என்கிறான். யாரோ பரிசு கொடுத்த மாதிரி சொல்கிறான். எனக்குத்தான் எரிச்சல் வந்தது.

நீ கையெழுத்துப் போட்டாய் என்று கண்ணகி சொன்னாள். நன்றி என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இங்கே தெருவே பேஜாராகிக் கிடக்கிறது. பதினாலாம் தேதி எல்லா வீட்டு கேஸ் சிலிண்டரையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்களாம். சமைக்கக் கூடாது, போலீஸே பொட்டலம் தருமாம். சாயப் பட்டறை ஆசிட் கேன்களையெல்லாம் வண்டியில் ஏற்றியாகிவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போட்டால் கீழே இறக்கச் சொல்கிறார்கள். எதிர்வீட்டு பச்சையப்பன் மாமா, "நாடு சுதந்திரம் வாங்கி இத்தினி வருஷம் ஆச்சு, நம்ம வூட்டு மாடிக்குப் போறதுக்கு நாம பாஸ் வாங்கணுமா?" என்று தெருவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். என் கணவர் அவரைச் சமாதானம் செய்துகினு இருக்கார், வியாபாரம் வரப் போகிறதாம்.

வருகிறவர் எந்த நாட்டுக்காரர் என்று டீக்கடைவரை தெரியும். நீ மட்டும் எழுத மாட்டாய்.

ஒன்று கேட்கிறேன். அவர்கள் ஆட்களெல்லாம் துப்பாக்கியோடுதான் வருவார்களா? எங்கள் வீட்டுக்குள்ளேயுமா?

தேவகி


ஆரணி
9-7-2025

தேவகிக்கு,

துப்பாக்கியோடுதான் வருவார்கள். எந்தப் பெரிய தலைவர் வந்தாலும் உடன் வரும் காவலர்கள் ஆயுதம் வைத்திருப்பார்கள். நம் அரசு ஒரு எண்ணிக்கைக்கு அனுமதி கொடுக்கும், அதுவும் கைத்துப்பாக்கிக்கு மட்டும். கோட்டை மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்கியதும் ஒவ்வொன்றின் எண்ணையும் பார்த்துச் சரி என்ற பிறகுதான் காரில் ஏறலாம். நீளத் துப்பாக்கி எதுவும் இறங்கக் கூடாது, ஹெலிகாப்டரிலேயே இருக்க வேண்டும். வெளியே தெரு முழுக்க நம் ஆட்கள். உள்ளே அவர்கள் இரண்டு பேர், நான், கண்ணகி.

நேற்று அவர்களுடைய பாதுகாப்புத் தலைவர் வந்திருந்தார். கர்னல் என்று கூப்பிடுகிறார்கள். உன் வீட்டைப் படத்தில் பார்த்தவர் முதலில் கேட்ட கேள்வி, "அந்த மனிதனின் கால்கள் எங்கே?" என்பது. குழித்தறி அவருக்குப் புதிது. தரைக்குக் கீழே கால் இருப்பதும், அங்கே என்ன இருக்கிறது என்று வெளியில் தெரியாததும் அவருக்குப் பிடிக்கவில்லை. குழியை மூடிவிட்டு மேஜைமேல் தறி போட முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அப்படியானால் உள்ளே நிற்கும் தன் ஆட்களில் ஒருவனுக்கு நீளத் துப்பாக்கி வேண்டும் என்றார். அதற்கும் முடியாது என்றேன். போன வருஷம் அவர்கள் தலைநகரில் அதிபரின் கார்மேல் நடந்த தாக்குதலைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஆட்கள் அதில் செத்திருக்கிறார்கள். உள்ளே நிற்கப் போகிற பையன்களில் ஒருவனுடைய அண்ணன் அவர்களில் ஒருவன். பயம் அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அதற்காக விதி மாறாது.

பத்தாம் தேதி வீட்டைச் சோதிக்க வருவோம். மோப்ப நாயும் வரும். மாமியாரிடம் முன்பே சொல்லிவை.

தமிழ்ச்செல்வி


ஆரணி
11-7-2025

தமிழ்,

நேற்று நீ போன பிறகு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

பூசை அறை வாசலில் என் மாமியார் கிருஷ்ணம்மாள் குறுக்கே நின்றதையும், "நாய் உள்ள வரக் கூடாது" என்று சொன்னதையும் நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். "நாய் வெளியவே நிக்கட்டும்மா, நானே பாத்துடுறேன்" என்று நீ ஷூவைக் கழற்றினாய். அதற்கும் அவர் நகரவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியுமா? நீ முகத்தை மாற்றாமல் நின்றாய். கடைசியில் அவர்தான் நகர்ந்தார். காக்கிச் சட்டைக்கு நகர்ந்தார்.

நீ போனதும் அறையைக் கழுவினார். நாய் வந்ததற்காக என்றார். நாய் அந்த அறைக்குள் வரவே இல்லை. "நாய்தான் வரலையே அத்தை" என்றேன். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவரிடம் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனார். இன்று காலை காபியைத் தானே போட்டுக்கொண்டார்.

நீ தறிக்குழிக்குள் இறங்கினாயே, அந்தக் கர்னலுக்குக் காட்டுவதற்காக. காக்கி பேண்ட்டோடு பலகையில் உட்கார்ந்து மிதியை மிதித்துக் காட்டினாய். குறுக்கே ஊடை ஒரு இழைகூட ஓடவில்லை, மிதியைத் தப்பு வரிசையில் மிதித்தாய். சதீஷ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். ரொம்ப நாள் கழித்து அவன் சிரித்துப் பார்த்தேன்.

தேவகி


ஆரணி
12-7-2025

தேவகி,

ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் உன் அம்மா வீட்டுக் கூடத்தை நான் பார்த்ததில்லை. வாசலில் நின்று கூப்பிடுவேன், நீ ஓடி வருவாய், விடுதிவரை நடப்போம். இப்போது உன் மாமியார் வீட்டில் சாமி படங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுவரை தெரியும். ஒரு பழைய கரண்ட் பில்லும் இரண்டு பல்லி முட்டையும். அறையைக் கழுவியது எனக்குப் புதிதில்லை. அதை நீ எனக்கு எழுதினாயே, அதுதான் புதிது.

பதினைந்தாம் தேதிக்கு. இதைச் சதீஷிடம் இரண்டு தடவை படித்துக் காட்டு.

தறிமேல் கத்தரி, பிளேடு எதுவும் இருக்கக் கூடாது. இழை அறுந்தால் கையால் முடி போட்டுச் சமாளிக்கட்டும். சட்டைப்பையில் எதுவும் வேண்டாம். ஊடை இழையை ஓட்டும் நாடா தவறிக் குழிக்குள் விழுந்தால் குனிய வேண்டாம். இரண்டு கையையும் தறிமேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கட்டும். நான் எடுத்துத் தருகிறேன். நீ குங்குமத் தட்டோடு கூடத்துத் தூண் பக்கம் நில். அங்கிருந்து நகராதே. மாமியாரும் உன் கணவரும் வாசல் வரவேற்போடு சரி.

ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

தமிழ்ச்செல்வி


ஆரணி
15-7-2025

தேவகி,

நல்லபடியாக முடிந்தது. ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டது. உங்கள் தெரு சிலிண்டர்கள் இன்று மாலையே வந்துவிடும், அடையாளச் சீட்டைப் பார்த்து வாங்கிக்கொள்ளச் சொல். சதீஷ் சாப்பிட்டானா?

தமிழ்ச்செல்வி


ஆரணி
16-7-2025

தமிழ்,

"நல்லபடியாக முடிந்தது" என்றால் என்ன அர்த்தம்? சிலிண்டர் வந்துவிட்டது. அதை எழுதவா உனக்குப் பேனா கிடைத்தது?

நான் தூண் பக்கம்தான் நின்றேன். எல்லாவற்றையும் பார்த்தேன். நீ எழுதாததால் நான் எழுதுகிறேன்.

அந்த அம்மாள், அதிபரின் மனைவி, நல்லவர் மாதிரிதான் இருந்தார். கரையைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கையால் கேட்டார். சதீஷ் தலையாட்டினான். அதிபர் பின்னால் நின்று கைத்தறித் துறை அதிகாரியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சதீஷ் நன்றாகத்தான் நெய்தான். அந்த அம்மாள் கேமராவை அவன் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனபோது அவனுக்குக் கை தடுமாறிவிட்டது. நாடா விழுந்தது. இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தேன், தமிழ். நேற்றுக் காலையிலும் சொன்னேன். ஆனால் நாடா விழுந்தால் நெசவாளி குனிவான். அது யோசித்துச் செய்வது இல்லை. குனிந்துவிட்டான்.

கதவோரம் நின்ற அந்தப் பையன் கோட்டைத் தூக்கினான். உள்ளே இருந்தது கைத்துப்பாக்கி இல்லை. முழங்கை நீளம் இருந்தது. சதீஷ் தலைக்கு நேராகப் பிடித்தான். தட்டு சாய்ந்து குங்குமம் தரையில் கொட்டியது மட்டும்தான் தெரியும்.

நீ எங்கிருந்து வந்தாய் என்று தெரியவில்லை. நடுவில் நின்றாய். குழாய் முனை உன் நெஞ்சுக்கு இவ்வளவு பக்கம். "எறக்கு" என்றாய். தமிழில் சொன்னாய்! கத்தக்கூட இல்லை. வகுப்பில் வாத்தியார் பையனிடம் கல்லைக் கீழே போடச் சொல்கிற மாதிரி சொன்னாய். அவனுக்கு என்ன புரிந்ததோ, கை நடுங்கியது. "எறக்குடா" என்று மறுபடியும் சொல்லி, குழாயைப் பிடித்துத் தரைப் பக்கம் தள்ளினாய். சதீஷ் அதற்குள் நாடாவோடு நிமிர்ந்து பார்க்கிறான். பார்த்தால் உன் முதுகு.

அந்த அம்மாள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்ன என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாய். சதீஷால் நெய்ய முடியவில்லை. நீ நகராதே என்றாய், நான் நகர்ந்தேன். போய் அவன் தோளில் கை வைத்து, "நெய்டா" என்றேன். நெய்தான். அழுதுகினே நெய்தான். வேர்வை என்று நினைத்திருப்பார்கள்.

இதற்குப் பெயர் நல்லபடியாகவா? உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் வெம்பாக்கத்தில் உன் அப்பாவுக்கு யார் போய்ச் சொல்வார்கள்?

சதீஷ் சாப்பிடவில்லை. நேற்றும் இல்லை, இன்றும் இல்லை.

தேவகி


ஆரணி
19-7-2025

தேவகி,

நீ எழுதியதில் ஒரு திருத்தம். அவன் கை நடுங்கிய பிறகு நான் தைரியமாகத் தள்ளவில்லை. என் கையும்தான் நடுங்கியது. இரண்டு பேர் கையும் நடுங்கியதால் குழாய் எந்தப் பக்கம் போகும் என்று தெரியவில்லை, அதனால் தரைப் பக்கம் அழுத்தினேன்.

மைதானத்தில் சோதித்தபோது அந்தத் துப்பாக்கி இல்லை. ஹெலிகாப்டரிலிருந்து கடைசி நேரத்தில் பூச்செண்டுகளோடு வந்த பெட்டியில் இருந்திருக்கிறது. கர்னலிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "அவனுடைய அண்ணன் என் மடியில் செத்தான். வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் அதை எழுதாமல் விட முடியாது.

இப்போது பிரச்சினை அதுதான். நான் அறிக்கை எழுத வேண்டும். மேலிடத்திலிருந்து ஒருவர் பேசினார். இரண்டு நாட்டு உறவு சம்பந்தப்பட்டது, துப்பாக்கி வந்ததை எழுத வேண்டாம் என்றார். "நெசவாளர் திடீரென்று குனிந்தார், அவர்மேல் ஏற்கெனவே வழக்கு உள்ளது, காவலர் எச்சரிக்கையானார்" என்று எழுதினால் போதுமாம். மூன்றும் தனித்தனியாகப் பொய் இல்லை. சேர்த்துப் படித்தால் உன் தம்பி குற்றவாளி ஆகிவிடுவான். அவனை அனுமதித்தது நான் என்பதால் எனக்கும் ஒரு கண்டிப்பு வரும், அதோடு விட்டுவிடுவார்கள்.

நான் நடந்ததை எழுதியிருக்கிறேன். பெட்டி வந்ததை, துப்பாக்கியை, எல்லாவற்றையும். சதீஷ் குனியக் கூடாது என்று சொல்லியிருந்தும் குனிந்ததையும் எழுதியிருக்கிறேன். வழக்கு நிலுவையில் இருப்பதையும், நான் அனுமதித்ததையும் எழுதியிருக்கிறேன். அவனுக்காக எதையும் மறைக்கவில்லை. இதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

விசாரணை இருக்கும். உங்களைக் கூப்பிடலாம். வரச் சொல்லி நான் கேட்கவில்லை.

தமிழ்ச்செல்வி


ஆரணி
23-7-2025

தமிழ்,

அவன் குனிந்ததை ஏன் எழுதினாய்? யாரும் கேட்கவில்லையே. வழக்கை ஏன் எழுதினாய்? உனக்கு எப்போதும் இப்படித்தான். பாதியில் நிறுத்தத் தெரியாது.

இங்கே வீட்டில் தினம் சண்டை. அந்த அம்மாள் கிளம்பும்போது மகள் கல்யாணத்துக்குச் சேலைகள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தூதரகத்திலிருந்து என் கணவருக்கு மெயில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. விசாரணை என்றதும், "அதெல்லாம் போலீஸ்காரங்க வெவகாரம். நாம ஒண்ணும் பாக்கல, ஒண்ணும் தெரியாது. ஜல்தியா இத்த முடிச்சிட்டு வேலயப் பாப்போம்" என்கிறார். நான் பார்த்தேன் என்றால், "நீ பாத்தத உள்ளயே வெச்சிக்க" என்கிறார். அவர் கெட்டவர் இல்லை தமிழ். மூன்று தறி, ஐந்து குடும்பம் அவரை நம்பி இருக்கிறது. போன வருஷம் நஷ்டம் வந்தபோது அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சதீஷ் இன்னும் தறியில் உட்காரவில்லை. குழியைப் பார்த்ததும் நின்றுவிடுகிறான். மாடியில் பாவு நூல் சுற்றும் வேலை மட்டும் செய்கிறான். அந்தச் சேலை அப்படியே பாதியில் நிற்கிறது. விசாரணைக்கு வருவாயா என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

தேவகி


ஆரணி
31-7-2025

தேவகி,

பதில் எழுத வேண்டாம் என்றாய். இது தகவல் மட்டும்.

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. வேலூரில் காவலர் பயிற்சிப் பள்ளி. நாளை மறுநாள் பொறுப்பை ஒப்படைக்கிறேன். விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் கொடுத்திருக்கிறார்கள். வழக்கு உள்ள நபரை அனுமதித்தது, விருந்தினரின் காவலருடைய ஆயுதத்தைக் கையால் தொட்டது என்று இரண்டு குற்றச்சாட்டு. துப்பாக்கி எப்படி வந்தது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. என்னைத் தவிர அதைப் பார்த்ததாகக் கண்ணகி மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். அவளையும் மாற்றிவிடுவார்களோ என்று கவலையாக இருக்கிறது. அவளுக்குச் சின்னக் குழந்தை.

அப்பாவிடம் சொன்னேன். வெம்பாக்கத்தில் நெல் நடவு வேலையில் இருந்தார். "துப்பாக்கி முன்னாடி நின்னதுக்கா தண்டன குடுக்கிறாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சரி, வேலூர்ல வெயிலு ஜாஸ்தி, மோர் குடி" என்றார். போனை வைத்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சதீஷை வேலூர் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் ஒரு தடவை காட்டு. இது பைத்தியம் இல்லை, பயம். அந்தக் காவலர் பையனுக்கும் இதேதான். அவனை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ்ச்செல்வி


ஆரணி
18-8-2025

தமிழ்,

புது விலாசத்தைக் கண்ணகியிடம் வாங்கினேன். அவளை மாற்றவில்லை.

போன வியாழக்கிழமை திருவண்ணாமலையில் விசாரணை அதிகாரி முன்னால் போய் வாக்குமூலம் கொடுத்தோம், நானும் சதீஷும். யாரும் கூப்பிடவில்லை. சதீஷ்தான் கிளம்பினான். டாக்டரிடம் இரண்டு தடவை போய் வந்தான், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் தூங்குகிறான். புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், "அக்கா, நாளிக்கி நான் போறேன். நீ வரியா?" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. என் கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை பார்த்தால் அவரே வண்டியை எடுத்து வெளியே நிறுத்தியிருக்கிறார். அலுவலகத்துக்குள் மட்டும் வரவில்லை. வெளியில் புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி சதீஷிடம் கேட்டார். "உங்க மேல கேஸ் போட்டவங்கதானே அந்த மேடம்? அவங்களுக்காக நீங்க ஏன் வந்து சொல்றீங்க?"

சதீஷ் சொன்னான், "கேஸ் போட்டதும் நெசம் சார். துப்பாக்கி முன்னால நின்னதும் நெசம். ரெண்டையும் எழுதிக்குங்க. நான் குனிஞ்சதும் நெசம், அதையும் எழுதிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார். பிறகு எழுதினார். என்னைக் கேட்டபோது நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். முழங்கை நீளம் என்று கையால் காட்டினேன். கோட்டின் நிறத்தைக்கூடச் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் என் கணவர், "சொல்லியாச்சா?" என்று கேட்டார். ஆச்சு என்றேன். மூன்று பேரும் ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம்.

சேலை ஆர்டர் பற்றித் தூதரகத்திலிருந்து இதுவரை எந்தப் பதிலும் இல்லை. வந்தாலும் வரும், வராமலும் போகும். மாமியார் நான் எங்கே போனேன் என்று கேட்டார். சொன்னேன். "அந்தப் பொண்ணு சாப்புட்டுதா, அன்னிக்கி?" என்று கேட்டார். எந்தப் பெண் என்று எனக்கு முதலில் புரியவில்லை. இல்லை, பச்சத் தண்ணிகூடக் குடிக்காமல் போனாள் என்றேன்.

தமிழ், ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பழைய வழக்கு விஷயத்தில் என் மனசு மாறவில்லை. நீ அன்று ஒரு நிமிஷம் எனக்காக யோசித்திருக்கலாம். அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. நீ செய்தது சரிதான் என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பொறுக்காது. அதை வைத்துக்கொண்டு உன்னை வந்து பார்ப்பதற்கு எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. வரலாமா என்று நான் கேட்க மாட்டேன்.

தேவகி


வேலூர்
21-8-2025

தேவகி,

இன்று காலை தகவல் வந்தது. என்மேல் இருந்த குறிப்பாணையைக் கைவிட்டுவிட்டார்கள். உங்கள் இரண்டு பேரின் வாக்குமூலமும் கண்ணகியுடையதும் ஒத்துப்போனதால் வேறு வழி இருக்கவில்லை. மாற்றல் மாற்றல்தான், ஆரணிக்குத் திரும்ப மாட்டேன். இங்கே புதிதாகச் சேர்ந்த பெண் காவலர்களுக்கு விருந்தினர் பாதுகாப்பு பற்றி வகுப்பு எடுக்கிறேன். நன்றாகக் கேட்கிறார்கள்.

சதீஷ் சொன்னதை விசாரணை அதிகாரியே எனக்குப் போனில் படித்துக் காட்டினார். நன்றி என்று அவனிடம் சொல். அவன் தறியில் உட்கார அவசரப்படுத்தாதே.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆரணியிலிருந்து பஸ் ஏறி, பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஆட்டோவில் பயிற்சிப் பள்ளி குடியிருப்பு என்று சொல். சதீஷும் வரட்டும். மதியச் சாப்பாடு நான் சமைக்கிறேன், சுமாராகத்தான் இருக்கும்.

கோபத்தை விட்டுவிட்டு வர வேண்டும் என்று இல்லை. கோபத்தோடே வா.

தமிழ்